மிதிக்காத பேஸ், தொடக்கூடாத கை: சாஃப்ட்பாலுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2008 ஏப்ரல் 26. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எல்லன்ஸ்பர்க் என்ற சிறிய ஊர். சென்ட்ரல் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்கும் வெஸ்டர்ன் ஓரிகன் பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்கும் சாஃப்ட்பால் ஆட்டம். இரண்டாவது இன்னிங்ஸில் இரண்டு ரன்னர்கள் பேஸில் நிற்கிறார்கள். வெஸ்டர்ன் ஓரிகனின் சாரா டுகால்ஸ்கி அடித்த பந்து வேலியைத் தாண்டி விழுகிறது. அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் ஹோம் ரன், அதாவது நான்கு பேஸையும் சுற்றிவர உரிமை தரும் அடி. பந்து போவதையே பார்த்துக்கொண்டு ஓடியதில் முதல் பேஸை மிதிக்காமல் தாண்டிவிட்டார். சட்டென்று நினைவு வந்து திரும்பினார். திரும்பிய வேகத்தில் முழங்கால் தசைநார் அறுந்து, அங்கேயே விழுந்தார். தவழ்ந்து தவழ்ந்து முதல் பேஸுக்கு வந்து அதைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் நகர முடியவில்லை.

இப்போது என்ன செய்வது? சொந்த அணியினர் தொட்டால் அவுட் என்றார்கள். மாற்று ரன்னரை இறக்கினால் முன்னால் ஓடிய இருவரின் ரன்கள் மட்டும்தான் கிடைக்கும், ஹோம் ரன் வெறும் சிங்கிளாகிவிடும் (முதல் பேஸ் வரைக்குமான அடி) என்று அம்பயர்கள் சொன்னார்கள். அப்போது எதிரணியின் முதல் பேஸ் ஆட்டக்காரர் மலோரி ஹோல்ட்மன் குறுக்கே வந்து, “நாங்கள் தூக்கிக்கொண்டு போகலாமா?” என்று கேட்டார். அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை என்று பதில் வந்தது. ஹோல்ட்மனும் லிஸ் வாலஸும் சாராவைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஒவ்வொரு பேஸிலும் கொஞ்சம் தாழ்த்தி, அடிபடாத காலால் தொடவைத்தார்கள். வெஸ்டர்ன் ஓரிகன் 4-2 என்று வென்றது.

இந்தக் கதையை நிறையப் பேர் கேட்டிருப்பீர்கள். அதன் பின்பாதி அவ்வளவாகப் பரவவில்லை. அன்று அம்பயர்கள் சொன்ன விதி தவறு. அதை உரிய இடத்தில் பார்ப்போம். ரன்னருக்கு யார் கைகொடுக்கலாம், மிதிக்காத பேஸுக்கு யார் எப்போது அப்பீல் கேட்கலாம் என்ற இரண்டு சிக்கல்களும் ஒரே ஆட்டத்தில், ஒரே பெண்ணின் காலில் வந்து மாட்டிக்கொண்டன. அதனால் இந்த வழிகாட்டிக்கு அந்த ஆட்டத்தையே அடிப்படையாக வைத்துக்கொள்கிறேன்.

மகளோ மருமகளோ சாஃப்ட்பால் ஆடுவதைப் பார்க்கப் போய், கிரிக்கெட் கண்ணோடு உட்கார்ந்து குழம்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். வார இறுதியில் ஆள் பற்றாக்குறையால் அம்பயர் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் இது உதவும். நானும் அப்படி மாட்டிக்கொண்டவன்தான்.

ஆட்டத்தின் அடிப்படை தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். பேஸுக்குப் பேஸ் 60 அடி. முதல், இரண்டு, மூன்று, ஹோம் என்று வரிசையாக எல்லாவற்றையும் தொட வேண்டும். திரும்பி ஓடும்போதும் அதே வழியாகத் தலைகீழ் வரிசையில் தொட்டுக்கொண்டே வர வேண்டும்.

தொடங்கும் முன்: எந்தப் புத்தகம்?

சாஃப்ட்பாலுக்கு ஒரே விதிப்புத்தகம் கிடையாது. அமெரிக்காவில் கிளப் ஆட்டங்கள் பலவற்றுக்கு யு.எஸ்.ஏ. சாஃப்ட்பால் புத்தகம், கல்லூரிக்கு என்.சி.ஏ.ஏ. புத்தகம், உயர்நிலைப் பள்ளிக்கு என்.எஃப்.எச்.எஸ். புத்தகம், சர்வதேச ஆட்டங்களுக்கு டபிள்யூ.பி.எஸ்.சி. புத்தகம். அடிப்படை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஓரங்களில்தான் வேறுபடும், சண்டை வருவதும் அந்த ஓரங்களில்தான். இங்கே பெரும்பாலும் யு.எஸ்.ஏ. சாஃப்ட்பால் முறையை ஒட்டிச் சொல்கிறேன். உங்கள் லீக் எந்தப் புத்தகத்தின்படி ஆடுகிறது என்று முதல் நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: பந்து ஆட்டத்தில் இருக்கிறதா, செத்துவிட்டதா?

மைதானத்தில் எந்தக் கூச்சல் கிளம்பினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். “கோச் தொட்டுட்டார்!”, “பேஸை மிதிக்கல!” என்று இரண்டு பக்கமும் கத்துவார்கள். அதைக் காதில் வாங்குவதற்கு முன்னால் பந்தின் நிலையைப் பாருங்கள். விடையில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

டெட் பால் என்ற சொல் கிரிக்கெட்டில் நமக்குப் பழகியதுதான். சாஃப்ட்பாலில் பந்து வேலியைத் தாண்டினால் டெட். எறிந்த பந்து மைதானத்துக்கு வெளியே போனால் டெட். பிடிபடாத ஃபவுல், அம்பயர் ‘டைம்’ சொன்ன தருணம், இவையும் அப்படியே. மற்றபடி பெரும்பாலும் பந்து ஆட்டத்தில் இருக்கிறது, ரன்னருக்கு ஆபத்தும் இருக்கிறது.

பந்து டெட் ஆன பிறகும் ரன்னர் ஓடிக்கொண்டிருக்கலாம் என்பதுதான் புதியவர்களுக்குப் பிடிபடாத இடம். வேலியைத் தாண்டிய ஹோம் ரன்னில் அவரை யாரும் அவுட் ஆக்கத் துரத்தவில்லை. நான்கு பேஸ்களும் அவருக்கு உரிமையாகிவிட்டன. இருந்தாலும் அவற்றைத் தொட்டு முடிப்பது அவர் கடமை. வங்கியில் காசோலை பாஸாகிவிட்டாலும் கவுன்டருக்குப் போய்த்தானே பணத்தை வாங்க வேண்டும், அதுமாதிரி.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. யு.எஸ்.ஏ. சாஃப்ட்பாலின் ஸ்லோ பிட்ச் (பந்தை மெதுவாக எறியும் வகை) ஆட்டத்தில் வேலியைத் தாண்டிய ஹோம் ரன்னுக்கு ஓடவே வேண்டியதில்லை, ரன்கள் தானாகச் சேரும். ஓட்டமே இல்லாததால் மிதிக்காத பேஸ் என்ற வழக்குக்கும் இடமில்லை. நாம் இங்கே பேசுவது ஃபாஸ்ட் பிட்ச்.

இரண்டாம் படி: யார் யாரைத் தொட்டார்கள்?

விதியைத் தமிழில் சுருக்கினால் இப்படி வரும்: பந்து ஆட்டத்தில் இருக்கும்போது, இன்னொரு ரன்னரைத் தவிர வேறு யாராவது ஒரு ரன்னருக்கு உடல்ரீதியாக உதவினால், உதவி பெற்ற ரன்னர் அவுட்.

ஒவ்வொரு சொல்லும் எடை போட்டு வைத்தது. பிரித்துப் பார்க்கலாம்.

‘பந்து ஆட்டத்தில் இருக்கும்போது’. வேலி தாண்டிய ஹோம் ரன்னில் மூன்றாவது பேஸ் கோச் ரன்னரின் முதுகில் தட்டினால் பார்வையாளர் பகுதியில் யாராவது ஒருவர் எழுந்து நிற்பார். உட்காரச் சொல்லுங்கள். பந்து டெட்.

‘இன்னொரு ரன்னரைத் தவிர’. முன்னால் ஓடிய ரன்னர் விழுந்து கிடக்கிறார், பின்னால் வருபவர் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார். இது தாராளமாகச் செல்லும். ஆனால் தூக்கிவிட்ட வேகத்தில் முன்னவரைத் தாண்டிப் போய்விட்டால், தாண்டியவர் அவுட். இன்னொன்று: ஹோம் பிளேட்டைத் தொட்டு ரன் எடுத்து முடித்தவர் இனி ரன்னர் இல்லை. அவர் அங்கேயே நின்று, பின்னால் வரும் தோழியின் கையைப் பிடித்துப் பிளேட்டின் பக்கம் இழுத்தால் அது குற்றம். பாசத்தில் செய்வார்கள், பாவமாகத்தான் இருக்கும், அவுட் அவுட்தான்.

‘உதவினால்’. இதுதான் அம்பயரின் தீர்ப்புக்கு விடப்பட்ட சொல். தொடுவது வேறு, உதவுவது வேறு. கோச்சும் ரன்னரும் உள்ளங்கைகளைத் தட்டிக்கொள்வது உதவி இல்லை. ரன்னர் ஓடிவந்து கோச் மேல் மோதி, அதனால் அவர் வேகமே குறைந்தால் அதுவும் உதவி இல்லை. மூன்றாவது பேஸைத் தாண்டி ஓடப்போகும் ரன்னரை கோச் இடுப்பைப் பிடித்து நிறுத்தினால்? உதவி. தடுமாறி விழப்போனவரைத் தாங்கிப் பிடித்துப் பேஸின் பக்கம் தள்ளினால்? அதுவும் உதவி. நான் எனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: அந்தக் கை இல்லாவிட்டால் ரன்னர் இருந்திருக்கும் இடமோ வேகமோ வேறாக இருந்திருக்குமா? ஆம் என்றால் அவுட். சந்தேகம் என்றால் விட்டுவிடுவேன்.

அவுட் கொடுத்த பிறகும் ஆட்டம் நிற்பதில்லை. பந்து தொடர்ந்து ஆட்டத்தில் இருக்கும், மற்ற ரன்னர்கள் ஓடிக்கொண்டே இருக்கலாம். பல புது அம்பயர்கள் இந்த இடத்தில் இரண்டு கையையும் தூக்கி ஆட்டத்தை நிறுத்திவிடுகிறார்கள். வேண்டாம். உதவி பெற்ற அந்த ஒருவரை மட்டும் அவுட் என்று சத்தமாகச் சொல்லி, கண்ணைப் பந்தின் மேல் வையுங்கள்.

மூன்றாம் படி: பேஸை மிதிக்கவில்லை. சரி, யார் கேட்டது?

கைகொடுத்த குற்றத்துக்கு அம்பயர் தானாகவே அவுட் கொடுப்பார். மிதிக்காத பேஸ் அப்படியல்ல. களத்தில் நிற்கும் அணி கேட்டால்தான் தீர்ப்பு. கேட்காவிட்டால் அந்த ரன்னர் பேஸைத் தொட்டதாகவே கணக்கு.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கிரிக்கெட் விதி 31-ன்படி அப்பீல் இல்லாமல் அம்பயர் அவுட் கொடுக்கக்கூடாது. பேட்டில் பட்டு கீப்பர் கைக்குப் போனது ஊருக்கே கேட்டாலும், ‘ஹௌஸாட்’ வராவிட்டால் அவர் சிலைதான். அப்பீலுக்கான கால எல்லையும் அதே சாயல்: பௌலர் அடுத்த பந்துக்கு ஓடத் தொடங்கும் முன் கேட்டுவிட வேண்டும். ஒரே இடத்தில்தான் ஒப்புமை உடையும். கிரிக்கெட்டில் கோட்டைத் தொடாமல் திரும்பினால் அம்பயர் தானாகவே ‘ஒன் ஷார்ட்’ சொல்லிவிடுவார். அந்தப் பழக்கத்தைச் சாஃப்ட்பாலுக்குக் கொண்டுவந்தால் கெட்டது.

நான் கொண்டுவந்தேன். முதல் சீசனில், பத்து வயதுப் பெண்களின் ஆட்டம். ஒரு ரன்னர் இரண்டாவது பேஸை ஒரு சாண் தள்ளித் தாண்டிப் போனார். நான் என்னை அறியாமல் பேஸைக் காட்டித் தலையை இல்லை என்று ஆட்டிவிட்டேன். அதைப் பார்த்த ஷார்ட்ஸ்டாப் பெண் பந்தைக் கேட்டு வாங்கி அப்பீல் செய்தாள். அவுட் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. ஆட்டம் முடிந்ததும் ரன்னரின் அணியின் கோச் வந்து, “அவங்க பக்கம் நீங்களும் ஆடினீங்க போல” என்றார். ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியவில்லை. அம்பயரின் மௌனமும் விதியின் ஒரு பகுதி என்று அன்றுதான் உறைத்தது.

இப்போது என் மனைவி பெஞ்சிலிருந்து, “ஏங்க, அந்தப் பிள்ள மிதிக்கவே இல்லியே, நீங்க பாக்கலியா?” என்று கேட்டாலும் முகத்தை மாற்றிக்கொள்வதில்லை. பார்த்தேன். கேட்கட்டும் என்று நிற்கிறேன்.

முதல் பேஸில் இது இன்னும் விசித்திரமாக இருக்கும். பேட்டர் ஓடிவந்து, பந்து வருவதற்கு முன்னால், பேஸை மிதிக்காமலே தாண்டிவிடுகிறார். பேஸைத் தாண்டிவிட்டதால் மிதித்ததாகவே கணக்கு. அப்பீல் வந்தால் கணக்கு மாறும். வெள்ளையும் ஆரஞ்சுமாக இரட்டை பேஸ் போட்டிருக்கும் மைதானங்களில் ஒரு கூடுதல் சிக்கல். முதல் பேஸில் அவுட் ஆக்கும் முயற்சி நடக்கும்போது பேட்டர் மிதிக்க வேண்டியது ஆரஞ்சுப் பக்கத்தை. வெள்ளையை மட்டும் மிதித்து ஓடினால், அவர் திரும்பி வருவதற்குள் அப்பீல் வந்தால், பேஸை மிதிக்காத கணக்குதான்.

நான்காம் படி: ரன்னர் தன் தவறைத் தானே சரிசெய்யலாமா?

செய்யலாம், சாரா செய்ததும் அதுதான். நினைவு வந்ததும் திரும்பி ஓடி, விட்ட பேஸைத் தொட்டு, மறுபடி முன்னே போகலாம். திரும்பும் வழி மூடிவிடும் சந்தர்ப்பங்கள் மூன்று. அவருக்குப் பின்னால் வந்த ரன்னர் ஹோம் பிளேட்டைத் தொட்டு ரன் எடுத்துவிட்டால் திரும்ப முடியாது. அவரே மைதானத்தை விட்டு வெளியேறி டக்அவுட்டுக்குள் போய்விட்டாலும் முடியாது. விட்ட பேஸுக்கு அடுத்த பேஸை எட்டியோ தாண்டியோ அவர் நிற்கும்போது பந்து டெட் ஆகிவிட்டாலும் முடியாது.

மூன்றாவதைச் சின்னப் பிள்ளைகளின் கோச்சுகள் மறந்துவிடுகிறார்கள். இரண்டாவது பேஸை விட்டுவிட்டு மூன்றாவதில் நிற்கும் பெண்ணைப் பார்த்து, டைம் கேட்டு ஆட்டத்தை நிறுத்திய பிறகு, “திரும்பிப் போ, போ!” என்று கத்துவார்கள். அப்போது போய்ப் பயனில்லை. கத்தியதில் கிடைத்த ஒரே பலன், விஷயம் எதிரணிக்கும் தெரிந்துவிட்டதுதான்.

ஐந்தாம் படி: அப்பீல் கேட்கும் முறை

இரண்டு வழிகள் உண்டு. நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் இரண்டாவதைத்தான் முதலில் பழகச் சொல்வேன்.

முதலாவது, பந்து ஆட்டத்தில் இருக்கும்போதே கேட்பது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, விடுபட்ட பேஸைத் தொட வேண்டும் அல்லது அந்த ரன்னரையே டேக் செய்ய (பந்தால் தொட) வேண்டும். எதற்காகச் செய்கிறோம் என்று அம்பயருக்குப் புரிய வேண்டும். பந்தோடு நடந்துபோகும்போது தற்செயலாகக் கால் பேஸில் பட்டால் அது அப்பீல் ஆகாது. “அவங்க இந்த பேஸைத் தொடல” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. இந்த வழியில் ஒரு ஆபத்து: பந்து ஆட்டத்தில் இருப்பதால் மற்ற ரன்னர்கள் ஓடலாம். அப்பீலுக்காக எறிந்த பந்து கைதவறிப் போய், இருந்த ஒரு அவுட்டுக்குப் பதிலாக இரண்டு ரன் கொடுத்த அணிகளை நானே பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, பந்து டெட் ஆன பிறகு வாயால் கேட்பது. பேஸ்பாலிலிருந்து சாஃப்ட்பால் விலகி நிற்கும் இடங்களில் இதுவும் ஒன்று. எல்லா ரன்னர்களும் ஓடி முடித்து நின்ற பிறகு, அம்பயரிடம் டைம் கேட்டு ஆட்டத்தை நிறுத்தி, பிட்சர், கேட்சர் உட்பட இன்ஃபீல்டில் (பேஸ்களை ஒட்டிய உள்பகுதியில்) நிற்கும் யாரும் கேட்கலாம். கையில் பந்து இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பள்ளி விதிப்புத்தகத்தில் கோச்சே கேட்கலாம். ஆட்டம் நின்றிருப்பதால் யாரும் ஓட முடியாது, ஆபத்து எதுவும் இல்லை.

கேட்கும் வாசகத்தில் ரன்னர் யார், எந்த பேஸ் என்ற இரண்டும் இருக்க வேண்டும். “மூன்றாவது பேஸில் நிற்பவர் இரண்டாவது பேஸைத் தொடவில்லை, அப்பீல் கேட்கிறேன்.” இவ்வளவு போதும். “யாரோ எதையோ விட்டாங்க, பாத்தீங்களா சார்?” என்பது அப்பீல் இல்லை. அப்படிக் கேட்டால் “யார், எந்த பேஸ்?” என்று மட்டும் அம்பயர் திருப்பிக் கேட்கலாம். அதற்கு மேல் குறிப்பு கொடுக்கக்கூடாது. ஒவ்வொரு பேஸாகச் சொல்லி ஊகம் பார்க்கும் விளையாட்டையும் அனுமதிக்கக்கூடாது.

கால எல்லைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அடுத்த பிட்ச் (பேட்டருக்கு எறியும் பந்து) போடுவதற்கு முன் கேட்க வேண்டும், அந்த பிட்ச் விதிப்படி சரியானதாக இருந்தாலும் சரி, தவறானதாக இருந்தாலும் சரி. இன்னிங்ஸின் கடைசிப் பந்தாக இருந்தால், பிட்சரும் இன்ஃபீல்டர்களும் தங்கள் இடங்களை விட்டுக் கோட்டுக்கு வெளியே போய்விடுவதற்கு முன். ஆட்டத்தின் கடைசிப் பந்தாக இருந்தால், அம்பயர்கள் மைதானத்தை விட்டுப் போவதற்கு முன். பிட்சர் தான் பந்தெறியும் தகட்டின் மேல் நின்றபடி வாயால் அப்பீல் கேட்டால் அதைத் தவறான பிட்ச் என்று சொல்ல மாட்டார்கள், எனவே அந்தப் பயம் வேண்டாம். இன்னொன்று, பந்து வெளியே போய் டெட் ஆகியிருந்தால், ரன்னர்கள் தங்களுக்கு உரிய பேஸ்களை ஓடி முடிக்க இடம் கொடுத்த பிறகுதான் அப்பீலை ஏற்க வேண்டும். பாதி ஓட்டத்தில் கேட்டால், “அவர்கள் முடிக்கட்டும்” என்று நிறுத்திவையுங்கள்.

கேட்சர்களுக்குத் தனியாக ஒரு சொல். ரன்னர் சறுக்கி வந்து ஹோம் பிளேட்டைத் தொடாமல் போகிறார், நீங்களும் டேக்கைத் தவறவிட்டீர்கள். அம்பயர் உடனே கையை விரித்து சேஃப் காட்டாமல் ஒரு கணம் சும்மா நிற்கிறார் என்றால் அதில் ஒரு செய்தி இருக்கிறது. பந்தோடு ரன்னரை டேக் செய்யுங்கள், அல்லது பிளேட்டைத் தொட்டுக் கேளுங்கள். அம்பயரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் அந்தக் கணம் போய்விடும்.

ஆறாம் படி: ரன் கணக்கு

அப்பீலில் அவுட் கிடைத்தது. எத்தனை ரன் செல்லும்? ஸ்கோர் எழுதுபவர்களுக்குக் கை நடுங்கும் இடம் இது. அந்த அவுட் மூன்றாவது அவுட்டா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கவலையே இல்லை: விட்டவரின் ரன் மட்டும் போகும், மற்றவர்களின் ரன்கள் நிற்கும். மூன்றாவது என்றால், அது ஃபோர்ஸ் அவுட்டா, அதாவது பின்னால் வருபவருக்கு இடம் விட்டுக் கட்டாயம் போக வேண்டிய பேஸில் கிடைத்த அவுட்டா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு அவுட். முதல் பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஆள். பேட்டர் அடித்து முதல் பேஸில் பத்திரமாக நிற்கிறார். மூன்றாவதில் இருந்தவர் ஹோமுக்கு வந்துவிட்டார். முதலில் இருந்தவர் இரண்டாவதை மிதிக்காமல் மூன்றாவதுக்குப் போய்விட்டார். அப்பீல், அவுட். பேட்டருக்கு இடம் கொடுக்க அவர் இரண்டாவதுக்குப் போயே ஆக வேண்டியவர், ஆகவே இது ஃபோர்ஸ். ஒரு ரன்னும் கிடையாது, ஹோமுக்கு முன்னமே வந்தவருடையதும் செல்லாது.

இன்னொரு சூழல். இரண்டு அவுட், முதலிலும் இரண்டாவதிலும் ஆள். பேட்டர் வேலிக்கு மேல் அடிக்கிறார். முதல் பேஸில் இருந்தவர் மூன்றாவதை மிதிக்காமல் ஹோமுக்கு வந்துவிட்டார். மூன்றாவதுக்குப் போக அவருக்குக் கட்டாயம் இல்லை, எனவே ஃபோர்ஸ் இல்லை. அவருக்கு முன்னால் ஓடியவரின் ரன் செல்லும். அவருடையது போகும். அவருக்குப் பின்னால் வந்த பேட்டரின் ரன்னும் போகும், ஏனென்றால் மூன்றாவது அவுட்டுக்குப் பின்னால் நிற்பவர் அவர். மூன்று ரன்னாகத் தெரிந்தது ஒன்றாகச் சுருங்கும். இதே சம்பவம் ஒரு அவுட்டில் நடந்திருந்தால் பேட்டரின் ரன் நின்றிருக்கும், மொத்தம் இரண்டு.

பேட்டர் முதல் பேஸை விட்டு, அப்பீலில் அது மூன்றாவது அவுட் ஆனால் எதுவுமே செல்லாது. சாரா திரும்பாமல் ஓடியிருந்தால், அப்போது இரண்டு அவுட்டும் இருந்திருந்தால், வேலி தாண்டிய பந்துக்கு அவர் அணிக்குக் கிடைத்திருக்கக்கூடியது பூஜ்யம்.

மூன்று அவுட் ஆன பிறகும் அப்பீல் கேட்கலாமா? ஒரு ரன்னை அழிப்பதற்காக என்றால் கேட்கலாம். ஒரு அவுட், இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஆள். உயர அடித்த பந்து பிடிபடுகிறது. பிடிபடும் வரை பேஸிலேயே காத்திருக்க வேண்டிய மூன்றாவது பேஸ் ரன்னர், பிடிக்கும் முன்னமே கிளம்பி ஹோமுக்கு வந்துவிட்டார். அவர் வந்த பிறகு, இரண்டாவதில் இருந்தவர் மூன்றாவதில் டேக் ஆகி அவுட். மூன்று அவுட் ஆயிற்று என்று எல்லோரும் உள்ளே நடக்கத் தொடங்குவார்கள். விவரம் தெரிந்த கேட்சர் நடக்க மாட்டார். முன்கூட்டிக் கிளம்பியவர் மீது அப்பீல் கேட்டு, அந்த ரன்னை அழித்துவிட்டுத்தான் போவார்.

ஃபோர்ஸ் அவுட் ரன்னை விழுங்கும் என்பதற்கு அமெரிக்காவில் நூறாண்டு தாண்டியும் பேசப்படும் உதாரணம் பேஸ்பாலில் இருக்கிறது. 1908 செப்டம்பர் 23, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ். ஜயன்ட்ஸ், கப்ஸ் அணிகள் 1-1. ஒன்பதாவது இன்னிங்ஸின் முடிவில் இரண்டு அவுட், முதலிலும் மூன்றாவதிலும் ஆள். பேட்டர் சிங்கிள் அடித்தார், மூன்றாவதில் இருந்தவர் ஹோமுக்கு வந்தார். ஆட்டம் முடிந்தது என்று கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. முதலில் இருந்த பத்தொன்பது வயது ஃப்ரெட் மெர்க்கில் இரண்டாவது பேஸைத் தொடாமல் அப்படியே உடைமாற்றும் அறைப் பக்கம் ஓடிவிட்டார். கப்ஸின் ஜானி எவர்ஸ் ஒரு பந்தைத் தேடிப்பிடித்து இரண்டாவதைத் தொட்டார். அம்பயர் ஹேங்க் ஓடே ஃபோர்ஸ் அவுட் கொடுத்தார். ரன் செல்லவில்லை, ஆட்டம் சமன். அக்டோபர் 8-ல் மறுபடி ஆடியபோது கப்ஸ் 4-2 என்று வென்று லீக் பட்டத்தையும் கொண்டுபோனது. கறாராகச் சொன்னால் இது நேரடி ஃபோர்ஸ் அவுட், அப்பீல் அல்ல. கணக்கு மட்டும் அதேதான். மெர்க்கிலின் பெயரோடு அந்த ஒரு பேஸ் கடைசிவரை ஒட்டிக்கொண்டே இருந்தது.

அடிபட்டவர் எழ முடியாவிட்டால்

மறுபடி எல்லன்ஸ்பர்க். இதுவரை படித்ததை வைத்து நீங்களே தீர்ப்புச் சொல்லிப் பாருங்கள்.

பந்து? வேலியைத் தாண்டியது, டெட். முதல் பேஸை விட்டது? திரும்பி வந்து தொட்டுவிட்டார். இரண்டாவதை அவர் எட்டவே இல்லை, எனவே திரும்புவதற்கும் தடை இல்லை. அப்பீலுக்கு இனி வேலையில்லை. மிச்சமிருந்தது ஒன்றுதான்: உரிமையான பேஸ்களுக்குப் போக அவரால் முடியவில்லை.

அதற்கு என்.சி.ஏ.ஏ. புத்தகத்திலேயே பதில் இருந்தது, 8.5.3.2 என்ற எண்ணில். காயத்தால் ரன்னர் தனக்கு உரிமையான பேஸுக்குப் போக முடியாவிட்டால், பந்து டெட் ஆகியிருக்கும் நிலையில், மாற்று ஆள் இறங்கலாம். உரிய பேஸ்களிலும் விட்ட பேஸ்களிலும் இன்னும் தொடாமல் இருப்பதை அந்த மாற்று ஆள் தொட்டு முடிக்க வேண்டும். அவ்வளவுதான். மாற்று ரன்னர் ஒருவர் மூன்று பேஸையும் சுற்றி ஓடிவந்திருந்தால் மூன்று ரன்னும் செல்லும். யாரும் யாரையும் தூக்க வேண்டி இருந்திருக்காது.

பேஸ்பாலிலும் இதே ஏற்பாடு உண்டு. 2005 செப்டம்பர் 14, டொரன்டோ. பாஸ்டன் ரெட் சாக்ஸின் டோனி கிராஃபனினோ ஹோம் ரன் அடித்தபோது, முன்னால் ஓடிக்கொண்டிருந்த கேப் கேப்ளர் இரண்டாவது பேஸைத் தாண்டியதும் குதிகால் தசைநாண் அறுந்து விழுந்தார். அலெஹான்ட்ரோ மசாடோ மாற்றாக இறங்கி மீதி ஓட்டத்தை முடித்தார். அதுவரை கிராஃபனினோ அவரைத் தாண்டிவிடாமல் பேஸிலேயே நின்று காத்திருந்தார். தாண்டியிருந்தால் அவுட்.

ஹோல்ட்மனும் வாலஸும் செய்தது சின்ன விஷயம் என்று இதைச் சொல்லவில்லை. விதி இப்படித்தான் என்று நம்பி, தங்கள் அணி தோற்கக்கூடும் என்று தெரிந்தே அவர்கள் தூக்கினார்கள். அம்பயர் தொப்பி போடுபவனாக எனக்கு உறுத்துவது வேறு: அவர்கள் அந்த நிலைக்கு வந்ததற்குக் காரணம், நம்மைப் போன்ற ஒருவர் அவசரத்தில் நினைவிலிருந்து விதி சொன்னது. அப்படி ஒரு நிலைமை உங்கள் மைதானத்தில் வந்தால் யாரும் உங்களை விரட்டப்போவதில்லை. பந்து டெட், அடிபட்டவரைப் பார்க்க ஆள் வந்துவிட்டார்கள். சக அம்பயரை அழைத்துக்கொண்டு ஓரமாகப் போங்கள், புத்தகம் இருந்தால் புரட்டுங்கள்.

அம்பயர் தொப்பி போட்டவர்களுக்கு மட்டும்

பந்து பறக்கும்போது எல்லோரும் பந்தைத்தான் பார்ப்பார்கள், நீங்களும் பார்ப்பீர்கள். பழக்கத்தை மாற்றுங்கள். பந்தைத் தொடர்ந்துகொண்டே, ரன்னரின் கால் பேஸை நெருங்கும் அந்த ஒரு நொடிக்கு மட்டும் கண்ணைப் பேஸுக்குக் கொண்டுவந்து, மறுபடி பந்துக்குப் போங்கள். மைதானத்தில் இரண்டு அம்பயர்கள் இருந்தால், எந்த பேஸ் யாருடையது என்று ஆட்டம் தொடங்கும் முன்னமே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இருவரும் ஒரே பேஸைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

மிதிக்காததைப் பார்த்துவிட்டால் முகத்தில் எதுவும் காட்டாதீர்கள். பேஸைக் குனிந்து பார்க்காதீர்கள், தூசி தட்டாதீர்கள். அப்பீல் வந்தால் அவுட் அல்லது சேஃப், கையால் ஒரே ஒரு சைகை. விளக்கம் கேட்டால் ஒரு வரியில் சொல்லுங்கள். நீங்கள் பார்க்காத பேஸுக்கு அப்பீல் வந்தால் சக அம்பயரிடம் கேளுங்கள். அவரும் பார்க்கவில்லை என்றால் சேஃப்தான். கூட்டத்தின் கூச்சலை வைத்து அவுட் கொடுக்க முடியாது, அதில் என் மனைவியின் குரல் இருந்தாலும் சரி.